பிஜியில் முதல் நாள் சூரிய உதயம் வேண்டாம்

காரைக்குடியிலிருந்து பிஜி கடற்கரைக்குப் போக ஒரு வழி, திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் மாறுவது. அங்கிருந்து பிஜியின் விமான நிலைய நகரமான நாண்டிக்கு ஏறத்தாழ 10 மணி நேரம். டிக்கெட், ஹோட்டல், பெட்டியின் எடை என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசித் தீர்க்கிறோம். போன இடத்தில் எந்த நேரத்தில் வெயிலில் நிற்பது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. உடம்பின் கடிகாரம் அங்கேயும் நம் ஊர் நேரத்திலேயே ஓடும்; விடுமுறையில் பாதி நாள் தூங்கி வழியப் பெரும்பாலும் அதுவே காரணமாகிவிடுகிறது. அதைத் திருத்துவது வெளிச்சம்தான்.

மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். ஒவ்வொரு செல்லிலும் 'பீரியட்' என்னும் மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே திரும்பி வந்து மரபணுவை அடக்கிவிடும். பிறகு புரதம் சிதைந்து குறைய, மரபணு மறுபடி விழித்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களை வைத்து இந்த இயக்கத்தைத் துலக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரிடம் இந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். அதனால் கடிகாரத்தைத் தாமதப்படுத்துவது எளிது, முன்னுக்கு இழுப்பது சிரமம். கிழக்கே போகிறவர்கள் அதை முன்னுக்குத்தான் இழுக்க வேண்டும், கூடுதலாகத் திண்டாடுவது இதனால்தான். பிஜி நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உடம்போ நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் நகரும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போன நம் ஐயாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓரிரு மணி நேர வித்தியாசம் பல நாள் பயணத்தில் பரவி வந்ததால் உடம்பும் கூடவே நகர்ந்துவிட்டது.

சரி, கடிகாரத்தை எப்படி நகர்த்துவது? வெளிச்சத்தால்தான். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடம்பின் வெப்பநிலை மிகவும் தாழ்ந்திருக்கும். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும். ஆறரைக்கு எழுகிறவருக்கு அந்தத் திருப்பம் விடியற்காலை 4 மணி வாக்கில் வரும். அதாவது பிஜியில் காலை பத்தரை.

கணக்கைப் பாருங்கள். முதல் நாள் காலை ஆறரைக்குக் கடற்கரையில் நின்றால் உடம்புக்கு அப்போது நள்ளிரவு. அந்த வெளிச்சம் கடிகாரத்தைத் தவறான திசையில் தள்ளிவிடும். எனவே பத்தரை வரை திரைச்சீலையை மூடி வையுங்கள். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. நாண்டியில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. முருகனைக் கும்பிடாமல் ஊர் சுற்றத் தொடங்காத நம்மவர்களுக்கு அந்தக் காலைப் பொழுதைக் கோயிலுக்குள் கழிப்பதைவிட வேறென்ன வேண்டும்? பத்தரைக்கு மேல் கடலுக்குப் போய் நன்றாக வெயில் படட்டும். மறுநாள் ஒன்பதரை, அதற்கடுத்த நாள் எட்டரை என்று வந்தால், ஐந்தாம் நாள் உதயத்தை ஒட்டிய வெயிலிலேயே நிற்கலாம்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே இதைத் தொடங்கினால் இன்னும் நல்லது. சீக்கிரம் படுத்து, விடிந்ததும் காப்பியோடு வளவு முற்றத்தில் திறந்த வானத்துக்குக் கீழே உட்காருங்கள். விளக்குப் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான். வெயில் ஏறிய முற்றத்தில் பல்லாயிரம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, கடிகாரத்துக்குத் தெரியும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கொடைக்கானல் உயரத்தில் இருப்பதைப் போல. ஈரப்பதமும் மிகக் குறைவு. தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள். காப்பியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால், பிஜி நேரப்படி மாலையில் அது வேண்டாம்.

திரும்பி வந்ததும் கணக்கு தலைகீழ். ஊரில் மாலை மயங்கும்போதே கண் சொருகும். அஸ்தமனம் வரை வெளியிலேயே இருங்கள், ஒன்பதரை வரை விளக்கை எரியவிட்டு விழித்திருங்கள். அப்புறம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்துவிடலாம்.