மைக்செட் வராத ராத்திரி: கூத்துக்காரர்கள் அச்சாரம் வாங்கும்போதே பேச வேண்டியது

ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். தொழிலாளர் வழக்குகள்தான் எனக்கு அதிகம். மாசி பிறந்து ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி சாட்டத் தொடங்கினால் வேறு மாதிரி ஆட்களும் வருவார்கள். கூத்துக்காரர்கள், நாடக செட்டுக்காரர்கள், உடுக்கையடிப் பாட்டுக்காரர்கள். பெரும்பாலும் பேசிய பணம் வராத வழக்கு. ஒரு பங்குனியில் வந்தது அப்படியில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று ஒரு கூத்து வாத்தியார் வந்து உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தில் மைக்செட், சீரியல் லைட் கட்டுகிற பையன்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் பெட்டி ஏற்றி, மரத்திலும் கம்பத்திலும் ஏறி ஒயர் இழுத்து, ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் பக்கத்திலேயே கிடந்து, விடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கி அடுத்த ஊருக்கு ஓட வேண்டிய வேலை. கரண்ட் அடித்தால் கேட்க ஆளில்லை. அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஊருக்குக் கூத்துச் செட்டு வந்து இறங்கியது இரவு எட்டு மணிக்கு. வேலைநிறுத்தம் என்று யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. மேடை இருந்தது, பந்தல் இருந்தது, விளக்கும் மைக்கும் இல்லை. எப்படியும் வந்துவிடும் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத் திண்ணையில் செல்போன் வெளிச்சத்தில் வேஷம் போட ஆரம்பித்திருக்கிறார்கள். பதினோரு மணிக்குக் கூட்டம் கலைந்துவிட்டது.

"ஒரு கன்னத்துக்கு அரிதாரம் ஏறியாச்சுங்கம்மா. தேங்காயெண்ணெயத் தொட்டு அழிச்சுப்போட்டுப் பொட்டியக் கட்டுனோம். இப்ப அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்கறாங்க. எங்கிருந்துங்க குடுக்கறது?"

அந்த அட்வான்ஸ் எங்கே போயிருக்கும் என்று செட்டு நடத்துகிறவர்களைக் கேட்டால் தெரியும். பாதி, சீசன் தொடக்கத்திலேயே ஆட்டக்காரர்களுக்கு முன்பணமாகப் போய்விடும். மிச்சம் டெம்போ வாடகைக்கும் வேஷச் சாமானுக்கும். கையில் நிற்பதில்லை. வருடத்தில் நாலு மாதம் ஓடினால்தான் மற்ற எட்டு மாதம் ஓடும். அதில் ஒரு ராத்திரி நின்றால் பத்துப் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு யோசிக்கும். மைக்செட் பையன்களுக்குக் கோரிக்கை இருக்கிறது, பேச்சுவார்த்தை இருக்கிறது. கமிட்டிக்குக் கையிருப்பு இருக்கிறது. பேச்சுவார்த்தையில் இடமில்லாதவர் வேஷக்காரர் மட்டும்தான்.

மேடை எங்கே இருந்தாலும் இது இப்படித்தான். நியூயார்க்கில் பிராட்வே நாடக அரங்குகளின் மேடைத் தொழிலாளர்கள் 2007 நவம்பர் 10-ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாடகத்தை அரங்கில் ஏற்றும்போது எத்தனை பேரை வேலைக்கு வைக்க வேண்டும் என்கிற மாதிரியான விதிகளில்தான் தகராறு. 19 நாள் நடந்தது. 25-க்கும் மேற்பட்ட நாடகங்கள் நின்றன. அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாள் விடுமுறை வாரமும் அதற்குள் வந்தது. நமக்குப் பங்குனி மாதிரி அவர்களுக்கு வசூல் வாரம் அது. ஆனாலும் நடிகர் சங்கத்தினர், வாசலில் மறியல் செய்த அந்தத் தொழிலாளர்களைத் தாண்டி உள்ளே போகவில்லை. அதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1919-இல் அதே ஊரில் நடிகர்கள் தங்கள் சங்கத்தை முதலாளிகள் அங்கீகரிக்க வேண்டும் என்று வேலையை நிறுத்தியபோது, மேடைத் தொழிலாளர்களும் இசைக்கலைஞர்களும் அவர்களுக்காக வெளியே வந்து நின்றார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பங்குனியிலேயே ஒரு செட்டுக்காரர் என்னிடம், "நாமளே ஒரு ஸ்பீக்கரத் தூக்கிட்டுப் போயிறலாமுங்களா?" என்று கேட்டார். சட்டப்படி தடையில்லை. ஆனால் வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் இன்னொரு ஊரில் அதே பையன்தான் உங்கள் ஆர்மோனியத்துக்கு மைக் வைக்கப் போகிறான். ஒரே சீசனை நம்பிப் பிழைக்கிற இரண்டு கூட்டம் நீங்கள்.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம்.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால் நடிகரும் பாடகரும் அடிக்கடி வருவார்கள். கமிட்டி தரப்பு வக்கீல் எடுத்து நீட்டியது 65-ஆம் பிரிவில் உள்ள ஓர் உதாரணம். ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிய பாடகர் உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை. நடத்துபவருக்குப் போன லாபத்துக்கு அவர் நஷ்டஈடு தர வேண்டாம், ஆனால் ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இதற்கு முன்னால் 56-ஆம் பிரிவு இருக்கிறது: செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது. 1863-இல் லண்டனில் தீர்ப்பான டெய்லர் – கால்டுவெல் வழக்கும் இந்த வழிதான். கச்சேரிக்குப் பேசியிருந்த அரங்கம் எரிந்துபோனது, யார் மேலும் தப்பில்லை, இரண்டு பேருக்குமே பொறுப்பில்லை என்றார்கள்.

ஆனால் அந்த உதாரணத்தில் வராதவர் பாடகர். நம் வழக்கில் கூத்துக்காரர் வந்துவிட்டார், வராதது வெளிச்சம். இங்கே பார்க்க வேண்டியது 67-ஆம் பிரிவு. வேலை செய்து தருகிறேன் என்றவருக்கு அதற்கான வசதியைச் செய்து தர வேண்டியவர் செய்யத் தவறினால், வேலை நடக்காததற்கு அவர் பொறுப்பில்லை. அதோடு, வேலைநிறுத்தம் என்று சொன்ன உடனே 56 வந்து ஒட்டிக்கொள்ளாது. செலவு கூடிவிட்டது, கஷ்டமாகிவிட்டது என்பதெல்லாம் 'முடியாமை' ஆகாது என்று நம் நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன.

எல்லாம் ஒரு கேள்வியில் போய் நிற்கும்: மைக்கும் லைட்டும் யார் பொறுப்பு? செட்டே கொண்டுவருவதாகப் பேசியிருந்தால் நஷ்டம் செட்டின் தலையில்தான் விடியும். கமிட்டி பொறுப்பு என்றால் கதை வேறு. வாத்தியாரிடம் என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டேன். ஒரு டைரியை நீட்டினார். 'பங்குனி 15, கூத்து 1 ராத்திரி, அட்வான்ஸ் 5,000'. அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு மாற்றிப் பேசியதற்கு வேறு சாட்சி இல்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும், அதில் பயம் வேண்டாம். நிரூபிப்பதுதான் பாடு.

எங்களைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. "மைக்கு, லைட்டு எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க நேரத்துக்கு வந்துருங்க" என்று கமிட்டிக்காரர் ஒருவரே அனுப்பியிருந்தார். இந்த மாதிரிப் பதிவைச் சாட்சியச் சட்டம் ஏற்கும், இப்போதைய 2023-ஆம் வருடச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. அதற்குரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். அதனால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

இனிமேல் அச்சாரம் வாங்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் இவ்வளவு எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும்: "மேடை, பந்தல், விளக்கு, ஒலி ஆகியவை விழாக் கமிட்டியின் பொறுப்பு. வேலைநிறுத்தம் உட்பட எந்தக் காரணத்தாலும் இவை கிடைக்காது என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கலைஞர்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு நிகழ்ச்சி நின்றால் பேசிய தொகையில் பாதியும் வண்டி வாடகையும் தரப்படும். வேறு தேதி வைத்தால் முன்பணம் அதில் கழியும்." கோயில் காரியத்தில் இப்படி எழுதிக் கேட்டால் ஊர்க்காரர்கள் தப்பாக நினைப்பார்களோ என்று எல்லோரும் தயங்குகிறார்கள். பந்தல்காரர் எழுதி வாங்குகிறார், பட்டாசுக்காரர் எழுதி வாங்குகிறார். நீங்கள் வாங்கினால் மட்டும் என்ன குறை?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதே என்பார்கள். அதைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். ஆனால் ஒரு ராத்திரிக் கூத்து நின்றதற்கு வாரியத்தில் பணம் கேட்க முடியாது. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுதான் வழி, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். வழக்குப் போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம், அங்கே எழுதுவது தீர்ப்புக்குச் சமம். பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

நாங்களும் அப்படித்தான் முடித்தோம். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை, டெம்போ வாடகையைக் கமிட்டி தரும், சித்திரையில் அதே ஊரில் ஒரு ராத்திரி. மைக்செட் பையன்களும் அதற்குள் கூலி பேசி வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். வாத்தியார் இந்த மாசியில் வந்து புது டைரியைக் காட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறார்: 'மைக்கு, லைட்டு – ஊரு'. இரண்டு பக்கத்தில் மட்டும் அந்த வரி இல்லை. அந்த இரண்டு ஊருக்கும் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.