பத்து கிராமில் வளையும் நைலான் இழை

'கைரோபொடிஸ்ட்', 'பொடியாட்ரிஸ்ட்' இரண்டும் வேறு வேறா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தொழில் ஒன்றுதான், பாத மருத்துவம். 'கைரோபொடிஸ்ட்' என்ற பழைய பெயர் 1785இல் லண்டனில் டேவிட் லோ காலாணி, மரு பற்றி எழுதிய நூலோடு வந்தது. கிரேக்கத்தில் 'கெயிர்' என்றால் கை, 'பொடோஸ்' என்றால் பாதம். (நம் 'கை'யோடு உறவு கொண்டாட வேண்டாம், தற்செயல் ஒற்றுமை.) கையைக் கழற்றிவிட்டு, மருத்துவரைக் குறிக்கும் 'இயாட்ரோஸ்' சேர்த்ததுதான் புதுப் பெயர். பிரிட்டனில் இத்தொழிலின் சங்கம் 2021 முதல் ராயல் காலேஜ் ஆஃப் பொடியாட்ரி.

காலாணி செதுக்குவது, நகம் வெட்டுவது எல்லாம் தெரிந்த வேலைகள். காலாணிக்கு வேர் கிடையாது. செருப்பின் அழுத்தம் தொடர்ந்தால் எத்தனை முறை செதுக்கினாலும் திரும்ப வரும். பாத மருத்துவர்கள் பையில் இருக்கும் ஒரு நைலான் இழைதான் எனக்குப் பிடித்த கருவி.

சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு நரம்புகள் சத்தமில்லாமல் பழுதாகும். ஆணி குத்தினாலும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் ஒரே அளவு விசை கொடுக்க வேண்டும். மனிதக் கையால் அது முடியாது. இழையால் முடியும். நெட்டுக்குத்தாக அழுத்தினால் முதலில் விசை ஏறும். ஒரு எல்லையில் இழை வில்லாக வளைந்துவிடும். அதன்பின் கை சற்று அதிகமாக அழுத்தினாலும் வளைவுதான் கூடும், விசை ஏறக்குறைய 10 கிராமிலேயே நிற்கும். எல்லை இழையின் தடிமனைப் பொறுத்தது, அதுவும் நான்காம் அடுக்கில்: விட்டம் 10 சதவீதம் கூடினால் விசை சுமார் 46 சதவீதம் கூடும்.

முதலில் கையிலோ நெற்றியிலோ தொட்டு, உணர்வு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். பிறகு நோயாளி பார்க்காதபடி, பாதத்தின் அடிப்புறத்தில் பெருவிரல், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னாலுள்ள எலும்பு முனைகள் என மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை தொட வேண்டும், ஒருமுறை தொடாமலே "தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். மூன்று பதிலில் இரண்டு தவறானால் அங்கே காப்புணர்வு (காயத்திலிருந்து காக்கும் உணர்வு) இல்லை.

காய்ப்பின் மேல் வைத்தால் நல்ல நரம்பும் பழுதானதுபோல் காட்டும். இழுத்துத் தேய்த்தால் உராய்வே காட்டிக்கொடுத்துவிடும். பத்துப் பேரைப் பார்த்ததும் இழை தளர்ந்து, குறைந்த விசையிலேயே வளையத் தொடங்கும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் தேறும். கூட்டம் நிறைந்த முகாம்களில் ஒரே இழையால் நூறு பேரைச் சோதித்து எழுதும் முடிவுகளை நான் நம்பமாட்டேன். பெட்டியில் இன்னும் இரண்டு இழை வைத்துக்கொள்ள என்ன செலவாகிவிடும்?