பெயின்ற்றைப் பார்த்து இரும்புச் சைக்கிள் வாங்காதீர்கள்

2022இல் யாழ்ப்பாணத்தில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், கொட்டிலில் சாத்திக் கிடந்த சைக்கிளெல்லாம் திரும்பவும் ரோட்டுக்கு வந்தன. பழைய சைக்கிள் வாங்கி விற்பதும் அதோடு பெருகியது. அப்படிக் கைமாறி வருபவற்றைக் கழட்டிப் பார்க்கும்போது திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: புதுப் பெயின்ற், புது ஸ்ரிக்கர், உள்ளே கறள் (துரு) தின்ற பிறேம்.

இரும்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேலைக்குப் போய்வரவும், லீவு நாளில் தீவுப் பக்கமோ வடமராட்சிப் பக்கமோ ஓடவும் குறைந்த காசில் இரும்புதான் சரி. முன் சில்லைப் பிடிக்கும் போக் வளைந்தால் பெரும்பாலும் நிமிர்த்தலாம். பின் சில்லைப் பிடிக்கும் பின் கவடு வெடித்தால் பக்கத்து வெல்டிங் கடையில் ஒட்டலாம். அலுமினியம் வெடித்தால் அந்த வசதி இங்கே இல்லை. எது இரும்பு என்று சந்தேகமென்றால் ஒரு சின்னக் காந்தத்தைப் பிறேமில் வைத்துப் பாருங்கள், பிடிக்கும்.

இரும்புக்கு எதிரி உப்புக்காற்று. குருநகர், வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் நின்ற சைக்கிளுக்கும் சுன்னாகத்துச் செம்மண்ணில் ஓடிய சைக்கிளுக்கும் வயது ஒன்றாக இருக்கலாம், உடம்பு ஒன்றாக இராது. கறள் வெளியிலிருந்து உள்ளே போவதைவிட, உள்ளிருந்து வெளியே வருவதுதான் ஆபத்து. சீற் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பெடல் அச்சு ஓடும் பெட்டியில் தேங்கும். வெளியேற வழியில்லை.

ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அந்தப் பெட்டியின் அடியைப் பாருங்கள். பெயின்ற் மிளகளவில் பொங்கியிருந்தால் நகத்தால் அமத்துங்கள். பொருக்கு விழுந்து கபிலத் தூள் கொட்டினால், இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரு நாணயத்தால் பின் கவட்டுக் குழாய்களை நீளத்துக்குத் தட்டுங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். சீற் கம்பியைக் கழட்டச் சொல்லி உள்ளே ரோச் அடித்தும் பார்க்க வேண்டும். கம்பி கழராவிட்டால் அது கறளில் இறுகிவிட்டது. சீற்றின் உயரத்தை இனி மாற்ற முடியாது. கடைசியாக, போக்கின் தலைக்குக் கீழே, மட்காட் பூட்டும் ஆணியைச் சுற்றிப் பாருங்கள். அதில் மயிர்க்கோடு போல வெடிப்புத் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். ஓடும்போது போக் முறிந்தால் விழுவது முகம்தான்.

அடுத்தது ரயர். 26, 27, 28 என்று அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்குவதால் வரும் சிரமம் கொஞ்சமல்ல. ரயரின் பக்கத்தில் 37-590 என்பது போல ஓர் எண் இருக்கும். பின்னால் உள்ளது றிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். 26 x 1⅜ என்றால் 590. மவுண்டன் சைக்கிளின் 26 என்றால் 559. இரண்டும் "இருபத்தாறு"தான், ஒன்றுக்கு மற்றது ஏறாது. பழைய 28 x 1½ என்பது 635. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் 27 x 1⅜ இருந்தால் அது 609. சைக்கிள் நல்லதாகவே இருக்கும், ஆனால் ரயர் தேய்ந்த நாளில் கடை கடையாக அலைய வேண்டிவரும். வாங்குமுன் உங்கள் சந்திக் கடையில் அந்த எண்ணைச் சொல்லி ரயரும் ரியூப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சைக்கிளை விடுங்கள்.

கியர் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். குடாநாட்டில் மலை இல்லை, 21 கியர் தேவையில்லை. மலிவான 21 கியரும் முன் ஸ்பிரிங் போக்கும் பாரத்தைக் கூட்டும். உப்பில் முதலில் இறுகுவதும் அவைதான். இங்கே ஏற்றம் என்றால் காற்று. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய்ப் பார்த்தவருக்குத் தெரியும். 26 அங்குலச் சைக்கிளில் முன் பல்லுச் சில்லில் 44 பல், பின் பல்லுச் சில்லான பிறீவீலில் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 மீற்றர் ஓடும். பின்னால் 22 பல் பிறீவீல் போட்டால் அது 4.2 மீற்றருக்குக் கிட்ட வரும். வெறும் ரோட்டில் கொஞ்சம் வேகமாக மிதிக்க வேண்டும், ஆனால் எதிர்க்காற்றில் முழங்கால் தப்பும். இந்த மாற்றத்துக்குச் செலவு குறைவு. பின் சில்லின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் உள்ள ஜப்பான் சைக்கிள், கியர் மூன்றும் சரியாக மாறினால், இன்னும் நல்லது. சங்கிலி வெளியே தாண்டாது, கியருக்குள் மண்ணும் போகாது.

குரோம் பூசிய இரும்பு றிம் மழையில் பிறேக் பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் சைக்கிள் பல மீற்றர் போய்விடும். மாரியில் தினமும் ஓடுபவர் முன் சில்லுக்காவது அலுமினிய றிம் போடுவது நல்லது. வாங்கும்போது றிம்மில் சில்லுக் கம்பித் துளைகளை எண்ணுங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் முன்னால் 32, பின்னால் 40. மற்றவற்றில் பெரும்பாலும் இரண்டிலும் 36. எண்ணாமல் வாங்கிய றிம் ஹப்போடு சேராமல் போகலாம்.

அளவு பார்க்க இரண்டு நிமிடம் போதும். பாருக்கு மேலாகக் கால்விரித்து நின்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். சீற்றில் ஏறி இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து அது அடிக்குப் போகும்போது கால் நேராக வேண்டும். சீற் பதிந்திருந்தால் முழங்கால் நோகும். நிலத்தில் இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டுமென்று சீற்றைப் பதிப்பது இங்கே பரவலான வழக்கம், அதை விடுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்குப் பாரத்தைக் கரியரின் மேலே குவிக்காமல் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். இரண்டு உரப்பையும் பழைய ரியூப் கீலங்களும் போதும், கீலத்தின் நுனி கம்பிக்குள் போகாமல் மடித்துக் கட்டினால் சரி. பருத்தித்துறை யாழ் நகரிலிருந்து சுமார் 33 கிலோமீற்றர். சோளகத்தில் போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். தீவுப் பக்கம் அதற்கு மறுவளம். வாடை என்ற வடகிழக்குக் காற்றில் இது மாறும். தீவுகளில் நல்ல தண்ணீர் எல்லா இடமும் கிடையாது, ஆளுக்கு இரண்டு லீற்றராவது கொண்டு போங்கள். நெருஞ்சியும், வேலி வெட்டும் காலத்தில் ரோட்டில் கிடக்கும் முள்முருக்கு முள்ளும் இருப்பதால் ஒரு ரியூப்பும் ஒட்டுச் சாமானும் கட்டாயம்.

வாங்கிய கையோடு முழுச் சைக்கிளையும் கழட்டிப் பூட்டுங்கள். இதற்கான காசை விலை பேசும்போதே ஒதுக்கி வையுங்கள். வழமையான சைக்கிளில் முன் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலப் போல்ஸ் (உருளும் இரும்புக் குண்டுகள்) 10, பின் ஹப்பில் கால் அங்குலம் 9, பெடல் அச்சில் கால் அங்குலம் 11. பழையதையும் புதியதையும் கலக்கக்கூடாது, அளவு நூலளவு வேறுபட்டாலும் பாரம் முழுவதும் பெரியவற்றில் விழுந்து அவை ஓடும் கப் குழிவிழும். பெட்டி திறந்திருக்கும்போதே குழாய்களுக்குள் கொஞ்சம் கியர் ஒயில் ஊற்றிச் சைக்கிளை எல்லாப் பக்கமும் சரித்து வடியவிடுங்கள். உள்ளே கறள் பிடிப்பதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. பெடல் தண்டான கிராங்கை அச்சில் இறுக்கும் ஆப்பு ஆணி, அதாவது கொட்டர் பின், உள்ள சைக்கிள் என்றால் 50 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் "டொக்" என்று கேட்டால் அது தளர்ந்ததுதான் காரணம். கேட்டபடியே ஓடினால் கொட்டர் பின் மட்டுமல்ல, கிராங்கின் துளையும் போய்விடும்.

கடற்கரை ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, சங்கிலிக்கு மெல்லிய ஒயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாகி மண்ணைப் பிடிக்கும். சங்கிலியில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அதற்கடுத்த 24ஆவது ஆணியின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 1/16 ஆனதும் சங்கிலியை மாற்றினால் பல்லுச் சில்லுகள் தப்பும். 12 1/8 வரை விட்டால் பிறீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.