லாக்கின் கடைசி வரியில் இருக்கும் டெஸ்டை ஸ்கிப் செய்யாதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் மென்பொருளுக்குத் தானியங்கி டெஸ்டுகளை ஓட்டும் குழுக்களிடமிருந்து திரும்பத் திரும்ப ஒரே புகார்: "ரன் டைம்அவுட் ஆச்சு, கடைசியா இருந்த டெஸ்டை ஸ்கிப் பண்ணிட்டோம், மறுநாளும் அதேதான்." வேறென்ன ஆகும்? அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி, போனில் லாக்கின் (ரன் எழுதும் பதிவின்) கடைசி வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இணையாக ஓடும் ரன்னில் கடைசி வரி பெரும்பாலும் ஒழுங்காக முடிந்த டெஸ்டுடையது. டெஸ்டுகளைப் பிரித்துக்கொண்டு ஓட்டும் நான்கு வொர்க்கரில் (துணைப் பிராசஸில்) மூன்று வேலையை முடித்து முடித்து எழுதிக்கொண்டிருக்கும்; தொங்கி நிற்கும் நான்காவது வாயே திறக்காது. அதன் பெயர் எப்போதோ மேலே போய்ப் புதைந்திருக்கும். தேட வேண்டியது, தொடங்கியும் முடியாத பெயரை. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டை, டெஸ்டுகளை இணையாக ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் பிளகினுடன், விவரமாக எழுதச் சொல்லும் மைனஸ் வி (-v) கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு பெயரும் தொடங்கும்போது ஒருமுறையும், முடிந்ததும் வொர்க்கர் எண்ணோடு இன்னொருமுறையும் வரும். ஒரேமுறை வந்த பெயர்களை மட்டும் பிரித்தெடுங்கள். நான்கு வொர்க்கர் என்றால் நான்குக்கு மேல் மிஞ்சாது.

கோ மொழியில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. இணையாக ஓட வரிசையில் நிற்கும் டெஸ்டும், தொடங்கியதாகச் சொல்லும் 'ரன்' (RUN) வரியைப் போட்டுவிடும். அதன்பின், தொடர்கிறது என்று சொல்லும் 'கன்ட்' (CONT) வரி வரவில்லை என்றால் அது காத்திருந்தது, அவ்வளவுதான், அதைப் பழிக்காதீர்கள்.

அடுத்தது கடிகாரங்களின், அதாவது நேர வரம்புகளின், வரிசை. கோ டெஸ்ட் தானாக 10 நிமிடத்தில் நின்று, ஓடிக்கொண்டிருந்த டெஸ்டுகளின் பெயரையும் கோருட்டீன் ஸ்டாக்கையும் (ஒவ்வொரு இணை வேலையும் நின்ற இடத்தையும்) கொட்டிவிட்டுத்தான் சாகும். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர் அதற்கு முன்பே கொன்றுவிட்டால் அந்தப் பட்டியல் கிடைக்காது. சிஐ வரம்பு எப்போதும் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். அதற்காகச் சும்மாவும் விட்டுவிடாதீர்கள்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற சிஐ சேவையில் ஒரு ஜாபின் இயல்பு வரம்பு 360 நிமிடம், ஒரு ராத்திரியே போய்விடும். பைடெஸ்டில் ஃபால்ட்ஹேண்ட்லர் டைம்அவுட் (faulthandler_timeout) என்ற அமைப்பை 120 விநாடி வையுங்கள். அது டெஸ்டைக் கொல்லாது. எந்த வரியில் மாட்டியிருக்கிறது என்று எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கையும் அச்சிடும். கொல்லவும் வேண்டுமென்றால் பைடெஸ்ட் டைம்அவுட் பிளகின் இருக்கிறது.

எந்த டெஸ்ட் எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லும் டியூரேஷன்ஸ் பட்டியலையும், முடிவுகளின் அறிக்கையான ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கோப்பையும் நம்பி உட்காராதீர்கள். இரண்டும் ரன் முடிந்த பிறகே எழுதப்படுபவை. நடுவில் கொல்லப்பட்ட ரன்னில் இரண்டும் இருக்காது.

தயவுசெய்து, பிடிபடாத டெஸ்டுக்காக வரம்பை 20 நிமிடத்திலிருந்து 40 ஆக்காதீர்கள். லாக்கைச் சேமிக்காமல் ரீரன் பட்டனையும் தொடாதீர்கள். வரம்பை, பல ஸ்டெப்புகள் சேர்ந்த ஜாபுக்கு மட்டும் வைக்காமல், டெஸ்ட் ஓடும் ஸ்டெப்புக்குத் தனியாக வையுங்கள். அந்த ஸ்டெப் தோற்றாலும் லாக்கை ஏற்றும் அடுத்த ஸ்டெப் 'ஆல்வேஸ்' (எப்படியும் ஓடு) நிபந்தனையில் ஓடிவிடும்.