மீன் எண்ணெயா, மீன்நெய்யா?

மருந்துக்கடையில் ‘மீன் எண்ணெய் மாத்திரை’ என்று கேட்டால், பொன்மஞ்சள் நிறத்தில், அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கும் உருண்டைகள் நிறைந்த டப்பாவை எடுத்து வைப்பார்கள். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எண்ணெய் என்பது எள் + நெய். ளகரமும் நகரமும் சேர்ந்து ‘ண்ண’ ஆயிற்று. அப்படியானால் மீன் எண்ணெய் என்பது மீனின் எள்நெய்! எள்ளுக்கும் மீனுக்கும் என்ன உறவு? தேங்காய்க்கும் எள்ளுக்கும், மண்ணெண்ணெய்க்கும் எள்ளுக்கும் என்ன உறவோ அதுதான். எள்ளின் பெயரை எல்லாரும் எடுத்துக்கொண்டதால், எள்ளில் ஆட்டியதற்கு ‘நல்ல’ என்று அடைமொழி கொடுத்து நல்லெண்ணெய் என்று தனியே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பழந்தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. நெய் என்றால் பசுநெய் மட்டும் இல்லை. பிசுபிசுப்பாக வடிகிற எதுவும் நெய்தான். தேனைக்கூடத் தேனெய் என்றார்கள். மீனிலிருந்து எடுத்தது மீன்நெய். நற்றிணை 175ஆம் பாட்டில் பரதவர் ‘மீன் நெய் அட்டி’, அதாவது கிளிஞ்சலில் மீன்நெய்யை ஊற்றி, சிறு விளக்கேற்றி அந்த வெளிச்சத்தில் தூங்குகிறார்கள். பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தவர்கள், மாற்றாக மீன்நெய்யும் நறவும் (கள்ளும்) வாங்கிப் போகிறார்கள். ஆக, நாம் புதிதாகச் சொல் உண்டாக்க வேண்டியதே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிற சொல்லைத் தூசி தட்டினால் போதும். கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் வஞ்சிரத்துக்கு இன்றைக்கும் நெய்மீன் என்றுதான் பெயர்.

சரி, அந்த டப்பாவில் இருப்பது எந்த நெய்? இங்கேதான் ஒரே பெயருக்குள் இரண்டு பண்டங்கள் ஒளிந்திருக்கின்றன. போன தலைமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியது ஈரல்நெய். வட அட்லாண்டிக்கின் காட் மீனுடைய ஈரலிலிருந்து எடுத்தது. அதன் சிறப்பு வைட்டமின் ஏ, டி. குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது மருந்தானது. இரண்டாம் உலகப் போரில் காட் எண்ணெய் வரத்து தடைப்பட்டபோது, சென்னை மாகாண மீன்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. இன்று பெரும்பாலும் விற்பது அது இல்லை. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களின் உடலிலிருந்து வடித்த உடல்நெய். இதில் ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம் உண்டு. வைட்டமின் டி-யை இதில் தேடிப் பயனில்லை. கர்ப்பிணிகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஈரல்நெய்யில் உள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கேடு.

ஒமேகா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலியை வால்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு வருகிறது, அதனால் ஒமேகா-3. நமக்கு எழுத்து ‘அகரமுதல் னகர இறுவாய்’ ஆயிற்றே, ‘னகர-3’ என்று சொல்லலாமா என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். முறைத்தார். ஒமேகா அப்படியே இருக்கட்டும்.

நான் உண்மையில் சண்டை போட நினைப்பது ‘சப்ளிமெண்ட்’ என்ற சொல்லோடு. துணையுணவு, இணை உணவு, சத்து மாத்திரை என்று பலவாறு எழுதுகிறோம். லத்தீன் மூலத்தில் அதன் பொருள் குறைந்ததை நிரப்புவது. இலங்கைத் தமிழில் இதற்கு நேர்ச்சொல் வழக்கிலேயே இருக்கிறது. அங்கே நாடாளுமன்றத்தில் ஒதுக்கிய பணம் போதாதபோது கொண்டுவருவது ‘குறைநிரப்பு மதிப்பீடு’. அப்புறம் என்ன, மாத்திரையைக் குறைநிரப்பி என்று சொல்லிவிடலாமே! துணையுணவு என்றால் தினமும் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டியது போல ஒலிக்கிறது. குறைநிரப்பி என்றால் ‘எனக்கு என்ன குறை?’ என்ற கேள்வி தானே வந்து நிற்கும்.

அந்தக் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. டப்பாவின் முன்பக்கம் 1000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மீன்நெய்யில் உள்ள ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. இரண்டும் எவ்வளவு என்று அங்கேதான் இருக்கும். சாதாரண வகையில் இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120, மொத்தம் 300 மி.கி. மிச்சமெல்லாம் மற்றக் கொழுப்பு. 100 கிராம் மத்தியில் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு கிராம் அளவுக்கு உண்டு. பருவத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். மழைக்காலம் முடிந்து நெய் ஏறிய மத்தியைத் தோசைக்கல்லில் போட்டுப் பாருங்கள். நாம் விட்ட இரண்டு சொட்டு எண்ணெய் போக, மீனே தன் நெய்யை விட்டு ஓரமெல்லாம் படபடவென்று பொரியும். கோடையில் அதே மத்தி கல்லில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். எங்கள் வீட்டில் மீன் வாங்கும்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்து ‘நெய் இருக்கா’ என்று கேட்பது இதற்காகத்தான்.

மீனில் நெய் மட்டுமா வருகிறது? புரதமும் பி12-உம் அயோடினும் வருகின்றன. முள்ளோடு மென்றுவிடும் நெத்திலியில் கால்சியமும் உண்டு. இன்னொன்று, தட்டில் மீன் இருக்கும் அன்று அந்த இடத்தில் வேறு கொழுத்த கறி இருக்காது. மாத்திரை எதையும் தட்டிலிருந்து நகர்த்துவதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் வாரம் இரண்டு முறை மீன் என்று சொல்கிறது. எண்ணெயில் முக்கிப் பொரித்ததை அது கணக்கில் சேர்ப்பதில்லை. வறுவல் பிரியர்கள் மன்னிக்கவும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும். மத்தி, நெத்திலியில் அந்தத் தொல்லை குறைவு.

மாத்திரையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர். ஒரு பாதிக்குத் தினம் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் மீன் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைப் பிரித்துப் பார்த்தபோது அவர்களிடம் பலன் தெரிந்தது. உட்பிரிவுக் கணக்கைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். இருந்தாலும் குறை இருக்கும் இடத்தில்தான் நிரப்பி வேலை செய்கிறது என்று பார்த்தபோது, என் சொல்லுக்குச் சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மருத்துவர் தினம் 4 கிராம் வரை எழுதுவது வேறு சங்கதி. அது நிரப்பி இல்லை, மருந்து. அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் அபாயமும் கூடுகிறது, எனவே தானாக வாங்கி விழுங்கக் கூடாது.

மீனே சாப்பிடாத சைவக்காரர்கள்? ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடல் அதைக் கொஞ்சமாகத்தான் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. ஆக மாற்றிக்கொள்ளும். மீனுக்கே இந்தச் சரக்கு கடலில் மிதக்கும் நுண்பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசியைத் தொட்டியில் வளர்த்து நேராக வடித்த மாத்திரையும் இப்போது கடையில் உண்டு. அதைப் ‘பாசி எண்ணெய்’ என்று எழுதி மறுபடியும் எள்ளை வம்புக்கு இழுக்காமல் பாசிநெய் என்றே எழுதலாம்.