கழுத்து வழியாக மூளைக்குச் சிகிச்சை: முதலமைச்சர் காப்பீடு எங்கெல்லாம் சிக்கும்?

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, அதில் ஓர் இடம் வீங்கிப் புடைத்தாலோ, இன்று பலருக்கு மண்டையைத் திறக்காமலே சிகிச்சை நடக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ துளையிட்டு மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றுவார்கள். வயதானவர்களுக்கு நெஞ்சுக்குள் பெருந்தமனி வளைந்து நெளிந்திருந்தால் குழாய் மேலே ஏறாது. அப்போது கழுத்துத் தமனியிலேயே நேராக நுழைய வேண்டியிருக்கும். இது புது வித்தை இல்லை. 1927-ல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் மூளையின் ரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டியதே கழுத்துத் தமனியில் மருந்தை ஏற்றித்தான்.

தமிழ்நாட்டில் இதற்குக் கைகொடுக்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அரசாணை வரலாறெல்லாம் உங்களுக்கு வேண்டாம். எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதைப் பார்ப்போம்.

முதல் சிக்கல் அட்டையே இல்லாதது. ரேஷன் கார்டு இருந்தால் காப்பீடு தானாக வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வராது. வி.ஏ.ஓ. அல்லது வருவாய் ஆய்வாளரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு, குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. குழாய் விட்டுக் கட்டியை எடுக்கப் பொதுவாக 6 மணி நேரம். ஸ்கேனில் மூளை இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரை. வி.ஏ.ஓ. ‘ஃபீல்டுக்குப் போயிருக்கார்’ என்ற பதிலுக்கு இதில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவது? வீட்டில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ள ஒருவர் இருந்தால் இந்த மாதமே பதிந்துவிடுங்கள்.

அட்டை இருந்தும் பெயர் இல்லாமல் போவது அடுத்தது. குடும்பம் என்று திட்டம் எடுத்துக்கொள்வது ரேஷன் கார்டில் உள்ளவர்களைத்தான். மகன் வீட்டோடு வந்து சேர்ந்த அம்மாவின் பெயர் ஊரில் உள்ள பழைய கார்டிலேயே கிடக்கும். மருத்துவமனை மேசையில்தான் அது தெரியவரும். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றாலும் இழுத்தடிப்பார்கள். இன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி மருத்துவமனை. வாசலில் திட்டத்தின் போர்டு தொங்குகிறது என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. எலும்புக்கு இருக்கும், மூளை ரத்தக் குழாய்க்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. 1800 425 3993 என்ற இலவச எண்ணில், ‘மூளை ரத்தக் குழாய்ச் சிகிச்சைக்கு என் மாவட்டத்தில் எந்த மருத்துவமனை?’ என்றே கேளுங்கள். ‘திட்டம் இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் ‘இருக்கு’ என்று பதில் வரும். அது உங்களுக்கு உதவாது. இதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாய் கோணி, கை தொங்கிய பிறகு 108-ஐத்தான் கூப்பிட வேண்டும்.

கழுத்து விவகாரம் வருவது இங்கேதான். தொடை வழி என்று சொல்லிக் காப்பீட்டில் அனுமதி வாங்கியிருப்பார்கள். உள்ளே போன பிறகு குழாய் ஏறவில்லை, கழுத்து வழியாகச் செய்தோம், அதனால் கூடுதலாகக் கட்டுங்கள் என்று பில்லிங்கில் சொல்லக்கூடும். திட்டம் தொகை தருவது சிகிச்சைக்கு. எந்த வழியாக நுழைவது என்பது மருத்துவர் முடிவு, அதற்கு நோயாளியிடம் தனி வசூல் கிடையாது. கழுத்தில் ரத்தம் கசிந்து கட்டினால் மூச்சுக்குழாயை அழுத்தும். அதனால் சிகிச்சைக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கவனிப்பார்கள். அதுவும் அதே சிகிச்சையின் பகுதிதான். பணம் கேட்டால் சண்டை வேண்டாம். ‘எதற்கு, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

‘இப்போதைக்கு அட்வான்ஸ் கட்டுங்க, அப்ரூவல் வந்ததும் திருப்பித் தர்றோம்’ என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். நீங்கள் கட்டிய பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கும் வழி இதில் இல்லை. எனவே வீட்டார் ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும், இன்னொருவர் காப்பீட்டு மேசையை விட்டு நகராமல் இருக்கட்டும். தனியாரில் தொடர்பு அலுவலர், அரசு மருத்துவமனையில் வார்டு மேனேஜர், இவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவசர நோயாளி என்று சொல்லி உடனே அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

அட்டை இல்லாமலே மாட்டிக்கொண்டீர்களா? நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அட்டை இல்லை என்று அங்கே சேர்க்க மறுக்க முடியாது. ஸ்டென்ட் (ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்), காயில் (வீங்கிய இடத்தை அடைக்கும் கம்பிச் சுருள்) போன்ற விலை கூடிய பொருள்களுக்கு மட்டும் அட்டை கேட்பார்கள். நோயாளி உள்நோயாளியாக இருப்பதாக மருத்துவமனையில் கடிதம் வாங்கிக்கொண்டு, அட்டைக்குப் பதிய கலெக்டர் ஆபீஸுக்கு ஒருவர் ஓடலாம்.

யாராவது பணம் பிடுங்கினால், கலெக்டர் தலைமையில் மாவட்டக் குறைதீர்க்கும் குழு ஒன்று இருக்கிறது. ரசீதோ, எழுதிக் கொடுத்த சீட்டோ இல்லாத புகார் அங்கே நிற்காது.

கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் வைத்திருந்தால், ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் எழுதித் தருவார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அரசு மருத்துவமனையில் இலவசம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொள்ளுங்கள். காசு இல்லை என்று இடையில் நிறுத்தினால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும்.