பின்னாடி கிளாஸ்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் முன் கட்டிடம் முழுக்க மலையாள டிவிஷன். தமிழ் டிவிஷனுக்கு, மதியச் சாப்பாடு சமைக்கும் கஞ்சிப்புரையைச் சுற்றிக்கொண்டு, பின்னால் இருந்த ஓட்டுக் கட்டிடத்துக்குப் போக வேண்டும். இடம் போதாமல் செய்த ஏற்பாடுதான், யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு 'பின்னாடி கிளாஸ் பசங்க' என்று பெயர் வந்தது. கொஞ்ச நாளில் நாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டோம்.

அமெரிக்க உளவியலாளர் ஹரால்ட் புரோஷான்ஸ்கி 1978இல் எழுதியது இதைப் பற்றித்தான். 'நான் யார்' என்ற நினைப்புக்குள் நாம் புழங்கிய இடங்களும் சேர்ந்திருக்கின்றன என்றார். அதற்கு 'இட அடையாளம்' என்று பெயர்.

சரி, செங்கல்லும் ஓடும் மனதுக்குள் எப்படி நுழைகின்றன? ஒரு இடத்தில் கால் வைத்ததுமே, 'இங்கே என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?' என்று மனம் துப்பு தேடுகிறது. ஆட்கள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பொருள்களே போதும். உளவியலாளர் சப்னா செரியனும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கம்ப்யூட்டர் சயன்ஸ் அறை ஒன்றில் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் போஸ்டரும் வீடியோ கேம் பெட்டிகளும் வைத்தார்கள், கம்ப்யூட்டர் படிக்கும் பையன்களின் சாமான்கள் என்று பலரும் நினைப்பவை. இன்னொரு ஏற்பாட்டில் இயற்கைக் காட்சிப் படமும் தண்ணீர் பாட்டில்களும். முதல் அறையில் உட்கார்ந்த மாணவிகளுக்கு அந்தப் பாடத்தில் ஆர்வம் குறைவாக இருந்தது. ஒரு வார்த்தைகூடச் சொல்லி அவர்களை யாரும் தடுக்கவில்லை.

ஒரு அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்ததற்கே இப்படி. வருஷத்துக்கு ஏறக்குறைய 200 நாள், ஐந்து வருஷம் என்றால் ஒரு பிள்ளை 1,000 தடவை கஞ்சிப்புரையைச் சுற்றுகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. அந்த வகுப்பு எந்த மூலையில் இருக்கும் என்பது அதில் இல்லை. அதைக் கட்டிடம் கட்டுகிறவர்கள்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். வாசல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், டிவிஷன்களை அடுத்தடுத்து வைக்கலாம், பிள்ளைகள் வரைந்ததை அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டலாம்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். தமிழ் டிவிஷன் இப்போது முன் வராந்தாவுக்கு வந்துவிட்டது. கதவோரம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்தில், இரண்டு மொழியிலும் ஒரே அளவு எழுத்தில் பலகை. 'தமிழ்' என்பதில் 'ழ்' மட்டும் பெயின்ட் மங்கியிருந்தது. உள்ளே போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் அதன் சுழியை விரலால் தடவிவிட்டுப் போகிறது.